பிசிஎம் கேப்சூல் சரியாக வரவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பிசிஎம் என்பது உருகும்போது வெப்பத்தை வாங்கி, உறையும்போது திருப்பித் தரும் பொருள்; அதை நுண்ணிய ஓட்டுக்குள் அடைத்தால் பிசிஎம் கேப்சூல். ஆக்டடெக்கேன் மெழுகை மெலமின்-ஃபார்மால்டிஹைடு ஓட்டுக்குள் அடைக்கப் பார்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: "டிஎஸ்சியில் (பொருள் உருகும்போது வாங்கும் வெப்பத்தை அளக்கும் கருவி) வெப்பம் குறைவாகக் காட்டுகிறது, ஓட்டை எப்படிக் கெட்டியாக்குவது?" பெரும்பாலும் கோளாறு ஓட்டில் இருப்பதில்லை. எமல்ஷன் (மெழுகு நுண்துளிகளாகத் தண்ணீரில் பரவிய கலவை) அடித்த அரை மணி நேரத்திலும் அமிலம் விட்ட கால் மணி நேரத்திலும் கேப்சூலின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது. டிஎஸ்சி அதை ஒரு வாரம் கழித்து நமக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். அதனால் இங்கே எந்த அறிகுறிக்கும் முதலில் மைக்ரோஸ்கோப், அடுத்து தராசு, டிஎஸ்சி கடைசியில்.

மனதில் வைத்திருக்கும் செய்முறை இது. மெலமின் ஒரு மோலுக்கு ஃபார்மால்டிஹைடு மூன்று மோல், 37 விழுக்காட்டு ஃபார்மலினாக. பிஎச் 8.5 முதல் 9 வரை, 70 டிகிரி. வெள்ளைக் கலங்கல் போய்த் தெளிந்த கரைசலானால் ப்ரீபாலிமர், அதாவது பின்னால் ஓடாக மாறப்போகும் ரெசின், தயார். வேறொரு பீக்கரில் ஸ்டைரீன்-மாலியிக் அன்ஹைட்ரைடு கோபாலிமரின் சோடியம் உப்புக் கரைசல் (இனி எஸ்எம்ஏ; மெழுகுத் துளிகள் ஒன்று சேராமல் காக்கும் எமல்சிஃபையர் இதுதான்). அதில் உருக்கிய ஆக்டடெக்கேனை ஊற்றி, ஹோமோஜெனைசரில் நிமிடத்துக்கு 8000 சுற்று அளவில் அடித்தால் எமல்ஷன். சிட்ரிக் அல்லது அசிட்டிக் அமிலத்தால் பிஎச்சை 4.5 பக்கம் இறக்கி, ப்ரீபாலிமரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, 65 முதல் 70 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் கலக்க வேண்டும். அப்புறம் காரம் சேர்த்துப் பிஎச்சை 9க்கு ஏற்றி வினையை நிறுத்தி, வடிகட்டி, கழுவி, உலர்த்துவது. ஃபார்மலின் புட்டியைத் திறப்பதிலிருந்து கடைசிக் கழுவல் வரை எல்லாம் ஃப்யூம் ஹுட்டுக்குள்தான்.

ஆக்டடெக்கேன் 28 டிகிரியில் உருகும். கிராமுக்குச் சுமார் 240 ஜூல் வாங்கிக்கொள்ளும். இந்த இரண்டு எண்களும் கீழே அடிக்கடி வரும்.

அறிகுறி: எமல்ஷனில் எண்ணெய் மேலே வந்து நிற்கிறது

இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உருகிய ஆக்டடெக்கேனின் அடர்த்தி 0.78தான். துளிகள் நன்றாக இருந்தாலும் கலக்குவதை நிறுத்தினால் மேலே மிதந்து, கெட்டியான வெள்ளை அடுக்காகத் திரளும். லேசாக ஆட்டினால் பழையபடி கலந்துவிடும். இது கோளாறே இல்லை. தெளிவான, பளபளக்கும் எண்ணெய்ப் படலம் மேலே நின்றால்தான் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துவிட்டன என்று பொருள்.

உடைந்திருந்தால் முதலில் எஸ்எம்ஏ கரைசலைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கலங்கலாக இருந்தால் அன்ஹைட்ரைடு முழுவதும் நீராற்பகுப்பு ஆகவில்லை. காரத்தோடு சூட்டில் இன்னும் சில மணி நேரம் கிடக்க வேண்டியது. இரண்டாவது சந்தேகம் வெப்பநிலை. மெழுகும் தண்ணீரும் 60 டிகிரியில் இருக்கும், ஹோமோஜெனைசரின் உலோகத் தலை மட்டும் ஏசி அறையின் குளிரில் கிடந்திருக்கும். உள்ளே நுழைந்ததும் மெழுகு அதன் பல்லிடுக்கில் உறைந்து பிசிறு பிசிறாகிவிடும். தலையை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அடித்தால் போதும். மூன்றாவது, நுரை. நுரைக் குமிழின் ஓரத்துக்கு எஸ்எம்ஏ ஓடிவிடுவதால் துளிக்குப் போதாமல் போகும். ஆக்டனால் ஒரு சொட்டு விட்டால் நுரை அடங்கும்.

அறிகுறி: துளி துளியாகவே இருக்கிறது, தண்ணீர்தான் பாலாகிவிட்டது

இந்தக் கட்டுரையின் மையமே இதுதான். மெலமின் ரெசின் மெழுகுத் துளியின் மேல் படியாமல் தண்ணீரிலேயே திரண்டு, துகள் துகளாகிவிட்டது. மெழுகு அம்மணமாக மிதக்கிறது. பொடியாக்கிப் பார்த்தால் எண்ணெய்ப்பசை, டிஎஸ்சியில் குறைந்த எண், எஸ்ஈஎம் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) படத்தில் பந்துகளுக்கு நடுவே மணல் மணலாக ஏதோ ஒன்று. இவை மூன்றும் ஒரே கோளாறின் மூன்று முகங்கள்.

பிடிக்கும் வழி எளிது. வினை ஒரு மணி நேரம் ஓடியதும் ஒரு துளியை ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப்பைப் போட்டு, 400 மடங்கில் பாருங்கள். பார்த்துக்கொண்டே ஊசி முனையால் கவர் ஸ்லிப்பை மெல்ல அழுத்துங்கள். ஓடு இல்லாத துளிகள் நசுங்கிப் பக்கத்துத் துளியோடு சேர்ந்து ஒரே பெரிய துளியாகிவிடும். ஓடு இருந்தால் கேப்சூல் ஒரு கணம் தாக்குப்பிடிக்கும். அப்புறம் ஒரு பக்கம் கிழிந்து எண்ணெய் பீறிடும். கசங்கிய தோல் அங்கேயே கிடக்கும். அந்தத் தோலைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். இரண்டு நிமிட வேலை. தோல் தெரியாவிட்டால் அந்தத் தொகுதியை வடிகட்டி, கழுவி, உலர்த்தி, டிஎஸ்சிக்கு வரிசையில் நிற்க வைப்பதெல்லாம் வீண்.

ஏன் இப்படி ஆகிறது? அமிலத்தில் ப்ரீபாலிமரில் உள்ள மெத்திலால் மெலமின் நேர்மின்னேற்றம் பெறுகிறது. துளியின் மேல் போர்த்தியிருக்கும் எஸ்எம்ஏவுக்கு எதிர்மின்னேற்றம். இந்த இழுப்பினால்தான் ரெசின் துளியைத் தேடிப் போய் ஒட்டுகிறது. அந்த இழுப்பு வேலை செய்வதற்குள் ரெசின் தனக்குள்ளேயே சேர்ந்து கெட்டியாகிவிட்டால் துளியின் பக்கம் வராது. ஆகவே வேகத்தைக் குறைப்பதுதான் மருந்து. பிஎச் ஒரேயடியாக 3.5க்கு விழுந்திருந்தால் அமிலத்தை நீர்த்து, மெல்ல விடுங்கள். நான்குக்குக் கீழே போனால் எஸ்எம்ஏவின் கார்பாக்சில் குழுக்களே மின்னேற்றத்தை இழந்துவிடும், அதுவும் சேர்ந்த தலைவலி. ப்ரீபாலிமரைச் செய்து வைத்து மறுநாள் ஊற்றியிருந்தாலும் இதே கதை. சிறிதளவை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள். உடனே வெள்ளையாகக் கலங்கினால் அது ஏற்கெனவே அளவு மீறி வளர்ந்துவிட்டது, கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்வதே மலிவு.

அறிகுறி: பீக்கர் முழுவதும் தயிராகக் கட்டிவிட்டது

மேலே சொன்னதே, கொஞ்சம் வேகமாக நடந்தது. பிஎச் மிகக் குறைவு, திடப்பொருள் அளவு மிக அதிகம், அல்லது கலக்கி போதாது. கெட்டிப்படத் தொடங்கும்போதே கவனித்தால் அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரை ஊற்றித் தளர்த்தலாம். காரம் விட்டு வினையை நிறுத்தலாம். முழுக்கக் கட்டிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

அறிகுறி: பொடியைக் காகிதத்தில் வைத்தால் எண்ணெய்க் கறை

வடிதாளில் ஒரு சிட்டிகை பொடியைப் பரப்பி 50 டிகிரி அவனில் ஒரு மணி நேரம் வையுங்கள். கறை வந்தால் இரண்டு சாத்தியம்: அடைபடாத மெழுகு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அடைபட்டது கசிகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பொடியை எடைபோட்டு, பெட்ரோலியம் ஈதரில் குளிர்ச்சியாக ஒருமுறை அலசி, உலர்த்தி மறுபடி எடைபோடுங்கள். பிறகு 50 டிகிரியில் ஓர் இரவு வைத்து மீண்டும் அலசி எடைபோடுங்கள். முதல் அலசலில் மட்டும் எடை குறைந்தால் வெளி மெழுகு. மேலே சொன்ன எமல்ஷன் கட்டத்துக்குத் திரும்புங்கள். இரண்டாவதிலும் குறைந்தால்தான் ஓட்டைக் குறை சொல்லலாம்.

ஓட்டின் தடிமன் பற்றி ஒரு கணக்கு. மெழுகு 80 பங்கு, ஓடு 20 பங்கு எடை என்று வைத்துக்கொள்வோம். மெலமின் ரெசினின் அடர்த்தி சுமார் 1.5. கணக்குப் போட்டால் 10 மைக்ரான் விட்டமுள்ள துளிக்குக் கிடைக்கும் ஓடு சுமார் 0.2 மைக்ரான். 50 மைக்ரான் துளிக்கு 1 மைக்ரான். 1 மைக்ரான் துளிக்கு வெறும் 0.02 மைக்ரான். அதாவது பொடிப்பொடியாக அடித்தால் ஓடு காகிதத்தைவிட மெலிந்துவிடும். வெப்பக் கடத்தலுக்கு நல்லது என்று ஹோமோஜெனைசரை உச்ச வேகத்தில் விடுபவர்கள் ஓட்டுப் பொருளின் பங்கையும் ஏற்ற வேண்டும். ஏற்றினால் கிராமுக்கான ஜூல் குறையும். இதில் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க முடியாது. 5 முதல் 20 மைக்ரானுக்குள் நிற்பது நிம்மதி என்பது என் கருத்து.

ஓர் உள்ளூர் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை, மதுரை மாதிரி ஊர்களில் ஏசி இல்லாத ஆய்வகம் 32 டிகிரியில் இருக்கும். ஆக்டடெக்கேன் அங்கே திரவம்தான். பம்ப் வைத்து இழுத்து வடிகட்டும்போது வடிதாளில் சேர்ந்த படிவின் (கேக்) அழுத்தத்தில் நசுங்குவது உள்ளே திரவம் வைத்த மெல்லிய பைகள். கழுவும் தண்ணீரை ஐஸ் போட்டு 15 டிகிரிக்குக் கொண்டுவந்து, கருவை உறைய வைத்துவிட்டு வடிகட்டினால் உடைவது கண்கூடாகக் குறையும். குளிர்நாட்டு ஆய்வகங்களில் எழுதிய செய்முறைகளில் இந்த வரி இருக்காது. அங்கே அது தானாகவே நடந்துவிடுகிறது.

அறிகுறி: எஸ்ஈஎம் படத்தில் கேப்சூல்கள் குழி விழுந்திருக்கின்றன

பயப்பட வேண்டாம். ஓடு உருவானது 70 டிகிரியில், மெழுகு நன்றாக விரிந்து கிடந்தபோது. ஆறும்போதே திரவம் மூன்று நான்கு விழுக்காடு சுருங்குகிறது. உறையும்போது இன்னும் பத்து விழுக்காடு அளவுக்குச் சுருங்குகிறது. ஓடு சுருங்காது, எனவே சுண்டைக்காய் வற்றல் மாதிரி உள்ளே ஒடுங்குகிறது. அந்தக் குழி ஒருவகையில் நல்லது. அடுத்த முறை மெழுகு உருகி விரியும்போது அதற்கு இடம் இருக்கிறது. குழிக்குப் பக்கத்தில் வெடிப்பு தெரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

அறிகுறி: டிஎஸ்சியில் என்தால்பி (உருகும் வெப்பம்) குறைவு

முதலில் அதே கருவியில், அதே வேகத்தில், அடைக்காத மெழுகை ஓட்டிப் பாருங்கள். வாங்கிய ஆக்டடெக்கேன் 90 விழுக்காட்டுத் தரமாக இருந்தால் அதுவே 240ஐத் தொடாது. புத்தக எண்ணை வைத்து வகுத்துவிட்டு அடைப்பு வீதம் குறைவு என்று வருந்துவதில் அர்த்தமில்லை.

ஒரு உதாரணம். மெழுகு 30 கிராம், ஓட்டுப் பொருள் 10 கிராம். எதிர்பார்க்கும் மெழுகின் பங்கு 75 விழுக்காடு. அடைக்காத மெழுகு 240, பொடி 150 ஜூல் காட்டினால் பங்கு 62.5. பொடியை வெற்றிட அவனில் வைத்து எடைபோட்டதில் 8 விழுக்காடு ஈரம் இருந்தது என்றால் உண்மையான எண் 163, பங்கு 68. பாதிக் கோளாறு உலர்த்தலில்தான் இருந்தது. மீதிக்கு விளைச்சலைப் பாருங்கள். 40 கிராமுக்கு 33 கிராம் உலர் பொடிதான் கிடைத்தது, போனது முழுக்க மெழுகு என்றால், 33இல் 23 மெழுகு, கிட்டத்தட்ட 70 விழுக்காடு. கணக்கு பொருந்துகிறது: மெழுகு கழுவலில் போயிருக்கிறது. கலனின் விளிம்பிலும் கலக்கியின் தண்டிலும் ஒட்டிய மெழுகைச் சுரண்டி எடைபோட்டால் அதில் ஒரு பகுதியும் கிடைத்துவிடும்.

எதிர்பார்த்ததைவிட எண் அதிகமாக வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். 75 போட்டு 85 வந்தால் ஓட்டுப் பொருள் படியாமல் தண்ணீரோடு போய்விட்டது என்றுதான் அர்த்தம். அழகான எண்ணோடு வரும் இந்தப் பொடிதான் பத்துமுறை உருகி உறைந்ததும் கசியும். டிஜிஏவில் (சூடாக்கும்போது எடை குறைவதை அளக்கும் கருவி) அடைக்காத மெழுகையும் பொடியையும் ஒரே வேகத்தில் ஓட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். எடை இறங்கத் தொடங்கும் வெப்பநிலை இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால் ஓடு பெயரளவுக்குத்தான்.

அறிகுறி: உருகுவது சரி, உறைய மாட்டேன் என்கிறது

டிஎஸ்சி வரைபடத்தில் உருகும் சிகரம் 28இல் ஒழுங்காக இருக்கும். குளிர்விக்கும்போது ஒரு சிகரத்துக்குப் பதில் இரண்டு மூன்று. கடைசிச் சிகரம் உருகுநிலையைவிடப் பத்து டிகிரிக்கும் அதிகமாகக் கீழிறங்கிக் கிடக்கும். வெப்பம் உள்ளே போய்விட்டது, நமக்கு வேண்டிய வெப்பநிலையில் வெளியே வராது. சேமிப்புக்காகச் செய்கிற பொருளுக்கு இது பெரிய குறை.

காரணம் அளவில் இருக்கிறது. ஒரு பீக்கர் மெழுகில் எங்கோ ஒரு தூசியில் படிகம் முளைத்தால் போதும், முழுவதும் உறைந்துவிடும். அதே மெழுகைக் கோடிக்கணக்கான துளிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு முளை வேண்டும். தூசி கிடைத்த துளி முதலில் உறையும். கிடைக்காதது தானாக முளைக்கும் வெப்பநிலைவரை காத்திருக்கும். வெப்பநிலை மாற்றும் மேடையும் குறுக்கு வடிவில் வைத்த இரண்டு போலராய்டு வடிகட்டிகளும் உள்ள மைக்ரோஸ்கோப் கிடைத்தால் இதை நேரில் பார்க்கலாம். திரவக் கரு இருட்டாக இருக்கும். உறைந்த நொடியில் பளிச்சென்று வெளிச்சமாகும். குளிர்விக்கக் குளிர்விக்க அங்கொன்று இங்கொன்றாக எரியும். கடைசியில் சின்னக் கேப்சூல்கள் மட்டும் பிடிவாதமாக இருட்டில் நிற்கும்.

ஆனால் சிகரம் இரண்டாகப் பிரிவது மட்டுமே குறை ஆகாது. ஆக்டடெக்கேன் திரவத்திலிருந்து நேராகத் தன் நிலையான படிகத்துக்குப் போகாமல், மூலக்கூறுகள் சுழன்றுகொண்டிருக்கும் ஓர் இடைநிலையில் நின்று போகும். அடைக்கப்பட்ட மெழுகில் அது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஆகவே குளிர்விக்கும் வேகத்தை நிமிடத்துக்கு 10 டிகிரியிலிருந்து 2க்குக் குறைத்துப் பாருங்கள். இடைவெளி கணிசமாகச் சுருங்கினால் பாதிக் குற்றம் கருவியின் வேகத்துடையது.

நிஜமாகவே குளிர் தாண்டிப் போகிறதென்றால் முளைப்பொருள் சேர்க்க வேண்டும். ஆக்டடெக்கனால், அல்லது இன்னும் நீளச் சங்கிலி கொண்ட பாரஃபின், சில விழுக்காடு. மெழுகில் கரைந்து, அதற்கு முன்பே உறைவதாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு துளிக்குள்ளும் போய்ச் சேரும். நுண்ணிய திடப்பொடியைக் கலக்கினால் பல துளிகளுக்குப் பங்கு கிடைக்காது. ஆல்கஹாலை அளவோடு நிறுத்துங்கள். அதன் தலை தண்ணீரை விரும்புவதால் துளியின் ஓரத்தில் குவிந்து எஸ்எம்ஏவின் இடத்தைப் பிடிக்கும், ஓடு ஓட்டையாகும். அது பிடிக்கவில்லையென்றால் கேப்சூலைச் சற்றுப் பெரிதாக்குவதே நேரான வழி.

அறிகுறி: உலர்ந்ததும் கல்லாகிவிடுகிறது

எஸ்எம்ஏ முழுவதும் போகக் கழுவாமல் அவனில் வைத்ததுதான் பெரும்பாலும் காரணம். மீந்த ரெசினும் கேப்சூல்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கழுவிய தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள், ஸ்ப்ரே டிரையர் அல்லது ஃப்ரீஸ் டிரையர் இருந்தால் பயன்படுத்துங்கள். கட்டியை உரலில் போட்டு இடிக்க மட்டும் வேண்டாம்.

அறிகுறி: மூக்கைத் துளைக்கும் நெடி

மிச்ச ஃபார்மால்டிஹைடு. மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. வினையின் முடிவில் யூரியாவோ அம்மோனியம் குளோரைடோ சேர்த்தால் பெரும்பகுதி பிடிபடும், ஆனால் ஓடு காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டும் விடும். துணிக்கோ வீட்டுச் சுவருக்கோ என்றால் ஓட்டுப் பொருளையே மாற்றுவது என் சிபாரிசு.

பிஎம்எம்ஏ (பாலிமெத்தில் மெத்தக்ரிலேட்) ஓட்டுக்கு மாறினால் வேறு அறிகுறிகள் வரும். அதன் மூலப்பொருளான எம்எம்ஏ மெழுகோடு கலக்கும், பாலிமரானதும் கலக்காது. பிரிந்து துளியின் ஓரத்துக்கு வந்து சூழ வேண்டும். சூழுமா, ஒரு பக்கம் மட்டும் தொப்பி போட்டதாக நிற்குமா என்பதை எண்ணெய், பாலிமர், தண்ணீர் மூன்றுக்கும் இடையிலான பரப்பு இழுவிசைகள் முடிவு செய்கின்றன. டோர்சாவும் மேசனும் 1970இல் இதைக் கணக்காக்கிக் காட்டினார்கள். மைக்ரோஸ்கோப்பில் பாதி மெழுகு பாதி பாலிமர் என்று தெரிந்தால் சூட்டை ஏற்றிப் பயனில்லை. மெத்தக்ரிலிக் அமிலம் சிறிது சேர்த்துப் பாலிமரைத் தண்ணீர்ப் பக்கம் இழுங்கள், அல்லது எமல்சிஃபையரை மாற்றிப் பாருங்கள். வினை தொடங்கவே இல்லையென்றால் ஆக்சிஜன். நைட்ரஜன் குமிழியை அரை மணி நேரம் விடுங்கள். முடிவில் எம்எம்ஏ நெடி அடித்தால் தொடக்கியைக் கவனியுங்கள். தொடக்கியான ஏஐபிஎன் 65 டிகிரியில் பாதி சிதையவே சுமார் 10 மணி நேரம் ஆகும். மூன்று மணி நேரத்தில் நிறுத்தினால் வேலை எப்படி முடியும்? கடைசி ஒரு மணி நேரம் 80க்கு ஏற்றுங்கள்.

ஐசோசயனேட்டும் அமீனும் சேர்ந்து உருவாகும் பாலியூரியா ஓட்டில் நுரை பொங்கினால் ஐசோசயனேட் தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு விடுகிறது. எமல்ஷன் ஆனதும் தாமதிக்காமல் அமீனை விட வேண்டும். கருவாக லாரிக் அமிலம் போன்ற கொழுப்பமிலத்தை வைத்தால் அமீன் அதோடு சோப்பாகிவிடும். அங்கே இந்த ஓடு வேண்டாம். கால்சியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் மாதிரி உப்புகளோ தண்ணீரில் கரைந்துவிடும். மேலே சொன்ன எந்தச் செய்முறையும் அவற்றுக்குப் பொருந்தாது.

அறிகுறி: பொடி நன்றாக இருக்கிறது, சுவரில் வேலை செய்யவில்லை

சாந்தில் மணலோடு சேர்த்து அரைத்திருந்தால் பாதி கேப்சூல்கள் அங்கேயே உடைந்திருக்கும். எல்லாம் கலந்த பிறகு கடைசியில் பொடியைச் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள்; கெட்டியான சாந்தில் ஒரு துண்டை எடுத்து மறுபடி டிஎஸ்சி பாருங்கள்.

உடையவில்லை என்றால் வானிலையைப் பாருங்கள். ஐரோப்பியக் கட்டடங்களுக்கு 23 முதல் 26 டிகிரியில் உருகும் மெழுகைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே இரவு குளிர்ந்து சுவர் மறுபடி உறைகிறது. சென்னையில் மே மாத இரவு 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அந்தச் சுவரில் இருக்கும் ஆக்டடெக்கேன் ஏப்ரலில் உருகினால் மழைக்காலம்வரை திரவமாகவே கிடக்கும்; பகலில் வாங்கிக்கொள்ள அதனிடம் எதுவும் மீதி இருக்காது. இங்கே 36 டிகிரி பக்கம் உருகும் ஐகோசேனை ஓட்டுக்கூரையின் அடியிலோ, வெயில் படும் மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்திலோ வைத்தால்தான் இரவில் உறைய வாய்ப்பு உண்டு. வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெப்பநிலைப் பதிவியை ஒரு வாரம் ஒட்டி வைத்து, இரவின் குறைந்த அளவைக் குறித்துக்கொண்ட பிறகு மெழுகை வாங்குங்கள். உங்கள் டிஎஸ்சியில் கேப்சூல் முழுவதும் உறைந்து முடியும் வெப்பநிலை அந்த அளவைவிட இரண்டு மூன்று டிகிரியாவது மேலே இருக்க வேண்டும்.